பழைய எம்ஜிபி காரில் பெட்ரோல் வாடை: அறிகுறியைப் பிடித்துக் கசிவைத் தேடும் வழிமுறை

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான கார். திறந்த ரோட்ஸ்டரானாலும் கூரை போட்ட ஜிடியானாலும் இன்று ஓடுகிற வண்டிகள் எல்லாமே கிழடுதான். வைத்திருப்பவர்களில் பலர், 'பழைய கார் என்றால் கொஞ்சம் பெட்ரோல் வாடை இருக்கத்தானே செய்யும்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. நல்ல நிலையில் உள்ள எம்ஜிபியில் சூடான எஞ்சினை நிறுத்திய முதல் பத்து நிமிடம் பானெட்டுக்குள் லேசான வாடை இருக்கலாம், அதற்கு மேல் இருக்கக்கூடாது. காலையில் கராஜ் கதவைத் திறந்ததும் வாடை வந்தால் எங்கோ கசிகிறது.

இந்தக் காரில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், இடப்புறம், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே சொட்டுகிற பெட்ரோலுக்கு நேர் கீழே கொதிக்கிற இரும்பு. அதனால்தான் வாடையை அலட்சியம் செய்யாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழே உள்ளவை எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கானவை. 1971 வரை எச்எஸ்4 மாடல், அதன்பின் எச்ஐஎஃப்4 மாடல். அமெரிக்காவுக்கு 1975 முதல் போன வண்டிகளில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் இருக்கும். அவற்றுக்கு டேங்க், ஹோஸ், பம்ப் பற்றிய பகுதிகள் பொருந்தும், கார்புரேட்டர் பகுதி பொருந்தாது.

கை வைக்கும் முன்

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். வண்டியை வெளியே தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே குழி உள்ள ஷெட்டிலும், கேஸ் கீசர் எரிகிற அறையை ஒட்டிய கராஜிலும் இந்த வேலை வேண்டாம். பழைய இழை பல்பு விளக்கு உடைந்தால் அதுவே தீக்குச்சி. எல்இடி டார்ச் மட்டும் போதும். பெட்ரோல் தீக்கு ஏற்ற பவுடர் அல்லது நுரை அணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பேட்டரி சீட்டுகளுக்குப் பின்னால், தரைத்தட்டின் மூடிக்குக் கீழே இருக்கிறது. பழைய வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, 1970களின் நடுவிலிருந்து 12 வோல்ட் ஒன்று. பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் எர்த் வயரை எடுத்துவிடுங்கள். 1967-க்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். நிறத்தை நம்பாமல், பாடியோடு போல்ட் போட்ட வயர் எது என்று பார்த்து அதைக் கழற்றுங்கள்.

மூக்கை அதிகம் நம்ப வேண்டாம். சில நிமிடங்களில் அது வாடைக்குப் பழகிவிடும். புதிதாக வெளியிலிருந்து வருகிற ஒருவரை அழைத்து, பானெட், டிக்கி, சீட்டுக்குப் பின்பகுதி, வலது பின்சக்கரத்தின் முன்புறம் என்று நான்கு இடத்தில் முகரச் சொல்லுங்கள். அதன்பின் கண்ணால் தேடுங்கள். பெட்ரோல் சொட்டு உலர்ந்து போனாலும் பழுப்பு நிறக் கறையை விட்டுச் செல்லும். சந்தேகமான மூட்டுகளைத் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் காத்திருந்தால், நனைந்த கோடு நேராகக் கசிவிடத்துக்குக் கொண்டுபோகும்.

தரையில் சொட்டுகிறது என்றால் தேடலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகக்கூடாது. ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

முதலில் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம். காசு செலவில்லை, ஸ்பேனர் தேவையில்லை. தரையில் சொட்டுகிற வண்டியில் மட்டும் சாவியைத் திருப்பாதீர்கள்.

எம்ஜிபியில் இருப்பது எஸ்யூ மின்பம்ப். வலது பின்சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியில் இருக்கும். கடைசி வருடங்களின் ரப்பர் பம்பர் வண்டிகளில் அதன் ஒரு முனை டிக்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணங்கள் நிரம்பிவிட்டன என்று பொருள்.

நின்றபின் அரை நிமிடத்துக்கு ஒரு டிக் கூட இல்லை: பம்பிலிருந்து எஞ்சின் வரையுள்ள லைனும் கார்புரேட்டர் வால்வுகளும் பெட்ரோலைப் பிடித்து வைத்திருக்கின்றன. வாடை டேங்க் பக்கத்திலிருந்து, அல்லது புகையிலிருந்து வருகிறது.

சில நொடிக்கு ஒரு டிக் வந்துகொண்டே இருக்கிறது: ஒன்று, பெட்ரோல் முன்னோக்கிக் கசிகிறது. அல்லது பம்பின் உள்வால்வு தேய்ந்து டேங்குக்கே திரும்புகிறது. பிரித்தறிய, பம்பைத் தாண்டிய ஹோஸை வழவழப்பான வாய் உள்ள ஹோஸ் கிளாம்பால் அழுத்தி அடையுங்கள். டிக் நின்றால் கசிவு முன்பக்கம். நிற்காவிட்டால் பம்பின் வால்வு. விறைத்துப்போன பழைய ஹோஸில் கிளாம்ப் போட்டால் அங்கேயே வெடிக்கும். முதலில் ஹோஸை மாற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நிற்காமல் வேகமாக அடிக்கிறது: டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் இடையே காற்றை இழுக்கிறது, அல்லது முன்னால் பெரிய கசிவு. சாவியை உடனே அணைத்துவிட்டுக் காரின் அடியைப் பாருங்கள்.

அறிகுறி: பானெட்டைத் திறந்தால் வாடை, எஞ்சின் ஓடும்போதோ நிறுத்தியதுமோ அதிகம்

ஹோஸ்கள்

பாதி வண்டிகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். ஹோஸை விரல்களுக்கிடையே வைத்து மடக்கிப் பாருங்கள். வெளியே மயிரிழை விரிசல் தெரிந்தாலும், விரலில் கறுப்பு ஒட்டினாலும், கல்போல் விறைத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். நூல்பின்னல் சுற்றிய ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் உள்ளே ரப்பர் வெடித்திருந்தாலும் வெளியே காட்டாது. தோற்றத்துக்காக அதை வாங்குவதை ஆதரிக்க முடியாது.

எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10தான். இந்தியாவில் 20 சதவீதம் கலந்தது வந்துவிட்டது. எனவே ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து வாங்குங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்6 என்றால் பழைய தரம், வேண்டாம். ஆர்9 எடுங்கள். அதன் உட்புறம் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர். உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதற்கு ஏற்ற உள்விட்டத்தில் வாங்குங்கள். 'கொஞ்சம் பெரிசு, இறுக்கிக்கலாம்' என்பது நடக்காது.

பல்லுள்ள சாதாரண கிளிப்பை இறுக்கும்போது அதன் வெட்டுகள் ரப்பருக்குள் இறங்கும். வழவழப்பான பட்டையும் சிறு போல்ட்டும் உள்ள பெட்ரோல் ஹோஸ் கிளிப்பையே போடுங்கள். ஹோஸ் குழாயின் மேல் குறைந்தது 20 மி.மீ. ஏற வேண்டும். கிளிப் குழாயின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல.

பானெட்டுக்குள் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பெட்ரோல் ஃபில்டர் யாராவது பொருத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டில் அதன் மூட்டுகள் தளரும், அதுவும் மேனிஃபோல்டின் அருகில். ஃபில்டர் வேண்டும் என்றால் பின்பக்கம், டேங்குக்கும் பம்புக்கும் இடையே, உலோக உடல் உள்ளது போடலாம்.

ஓவர்ஃப்ளோ (எச்எஸ்4)

ஹோஸ் நன்றாக இருந்தும் வாடை வந்தால், அடுத்து மிதவைக் கிண்ணம். ஒவ்வொரு கிண்ண மூடியிலிருந்தும் ஓவர்ஃப்ளோ குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. பம்பை ஓடவிட்டு இரண்டின் கீழ்முனையையும் பாருங்கள். நனைந்திருப்பது எதுவோ அந்தக் கார்புரேட்டர்தான் வழிகிறது. குழாயே காணவில்லை, அல்லது பாதியில் வெட்டி மேனிஃபோல்டின் மேல் முடிகிறது என்றால், வழிவதைத் தேடும் முன் இதைச் சரிசெய்யுங்கள். அந்தக் குழாய் மேனிஃபோல்டைத் தாண்டி அடிவரை போவது அலங்காரத்துக்கு அல்ல.

வழிகிற கிண்ணத்தின் மூடியை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நின்றுவிட்டால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வில் தூசி சிக்கியிருந்தது. ஆனால் தட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். தூசி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து இன்னும் வரும்.

சாவியை அணைத்து, பேட்டரி எர்த்தைக் கழற்றி, மூடியைத் திறங்கள். மூன்று ஸ்க்ரூ. மூடியைத் தவறான திசையில் போடவும் முடியும் என்பதால், கழற்றும் முன் கிண்ணத்திலும் மூடியிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. கிண்ணத்தின் அடியில் என்ன இருக்கிறது? செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கின் துரு. கறுப்புத் துகள் என்றால் உள்ளே உரிகிற ஹோஸ். இந்தப் பதிலைக் குறித்துவைக்காமல் கழுவிவிடாதீர்கள். மறுபடி வழியாமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது.

2. மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே திரவச் சத்தம் கேட்டால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் பெட்ரோல் முழுவதும் உலர்ந்தபின், அடுப்பிலிருந்து இறக்கித் தூரமாகக் கொண்டுவந்த வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் புதிது வாங்குங்கள். ஒட்டுப்போட வேண்டாம். எடை கூடினால் கிண்ணத்தின் மட்டமே மாறிவிடும்.

3. மிதவையின் கீல் ஊசியை இழுத்தெடுத்து நீடிலின் நுனியைப் பாருங்கள். நுனியைச் சுற்றி வளையமாகப் பள்ளம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. நீடிலை மட்டும் மாற்றாமல் அது உட்காரும் இருக்கையையும் சேர்த்தே மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் நுனி உள்ளதைக் கேளுங்கள். இருக்கையை மூடியில் முடுக்கும்போது கொஞ்ச பலம் போதும், அது பித்தளை.

4. மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை தன் எடையால் நீடிலை மூடியிருக்கும். உள்வரும் குழாயில் சுத்தமான ஒரு ஹோஸை மாட்டி ஊதுங்கள். காற்று போகக்கூடாது.

5. அதே நிலையில், மூடியின் விளிம்புக்கும் மிதவைக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது 3 முதல் 5 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். எச்எஸ்4-இன் நைலான் மிதவைக்கு உரிய அளவு இது. 1/8 அங்குல டிரில் பிட்டைக் குறுக்கே வைத்துப் பார்ப்பது சுலபம். உலோகக் கை உள்ள மிதவையில் கையை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். முழுக்க நைலான் என்றால் இருக்கைக்கு அடியில் வாஷர் சேர்த்து அல்லது எடுத்துத்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் வழிந்தால், கார்புரேட்டரை விட்டுவிட்டுப் பம்பைப் பாருங்கள். எஸ்யூ நீடில் வால்வு 3 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஒட்டித்தான் தாங்கும். பழைய பம்ப் செத்து, வேறு காருக்கான பம்பை யாராவது மாட்டியிருந்தால் அது 5, 6 பிஎஸ்ஐ கொடுத்து நீடிலைத் தள்ளித் திறக்கும். டி மூட்டில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரியான பம்ப் போடுவதே முறை. ரெகுலேட்டர் மாட்டிச் சமாளிக்கலாம், ஆனால் அதனால் கூடுதலாக இரண்டு மூட்டு, கூடுதலாக இரண்டு கசிவிடம்.

ஜெட் குழாய் (எச்எஸ்4)

ஓவர்ஃப்ளோ குழாய் உலர்ந்திருக்கிறது, ஆனால் கிண்ணத்தின் அடிப்பகுதி ஈரம். கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்கு (பெட்ரோல் காற்றோடு கலக்கப் போகும் சிறு துளைக்குழல்) போகும் மெல்லிய நைலான் குழாயைப் பாருங்கள். சோக்கை இழுத்தால் ஜெட் கீழிறங்கும், அதோடு இந்தக் குழாயும் வளையும். ஒருவர் சோக்கை இழுத்துவிட மற்றவர் டார்ச் அடித்துப் பார்த்தால், நட் இருக்கும் இடத்தில் முத்துப்போல் துளி திரள்வது தெரியும்.

நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கி நிறுத்தலாம் என்று தோன்றும். உள்ளே இருக்கும் ரப்பர் ஒருமுறை நசுங்கினால் திரும்ப அதே வடிவத்துக்கு வராது. முடுக்க முடுக்கக் குழாய்தான் நெரிபடும். ஜெட்டைக் குழாயோடு சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். முன் கார்புரேட்டருக்கும் பின் கார்புரேட்டருக்கும் வேறு வேறு ஜெட், மாற்றி வாங்கிவிட வேண்டாம். நட், வாஷர், ரப்பர் என்ற வரிசையில் குழாயில் ஏற்றி, ரப்பரைத் தாண்டிக் குழாய் குறைந்தது 3/16 அங்குலம் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து முடுக்குங்கள். குறைவாக நீட்டினால் அடுத்த முறை சோக் இழுக்கும்போது நழுவி வெளியே வந்துவிடும்.

ஜெட்டை மாற்றியபின் மிக்ஸ்சரை (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை) மறுபடி சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டர் பிஸ்டனில் ஜெட்டுக்குள் இறங்கும் நீடில் ஸ்பிரிங் இல்லாத பழைய வகை என்றால் ஜெட்டை நடுவிலும் நிறுத்த வேண்டும். அந்தப் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் தடையின்றி விழுந்து 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஜெட் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. இதுவரை செய்திராதவர்கள் இந்தக் கட்டத்தில் எஸ்யூ தெரிந்த மெக்கானிக்கை அழைப்பது நல்லது.

எச்ஐஎஃப்4 என்றால்

இதில் கிண்ணம் கார்புரேட்டரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அடிமூடியில் நான்கு ஸ்க்ரூ, ஒரு ரப்பர் சீல். மூடியைச் சுற்றி ஈரம் என்றால் சீலை மாற்றுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள், இல்லாவிட்டால் மூடி வளையும். தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் நடுப்பகுதி கிண்ண விளிம்பிலிருந்து 0.5 முதல் 1.5 மி.மீ. கீழே இருக்க வேண்டும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் எஞ்சின் எப்போதும் ரிச்சாகவே (பெட்ரோல் அதிகமாக) ஓடினால், பக்கவாட்டில் உள்ள சோக் வால்வின் சீல் போயிருக்கும். பெட்ரோல் வெளியே வராமல் நேராக எஞ்சினுக்குள் போகிறது.

அறிகுறி: பெட்ரோல் நிரப்பிய அன்றும் மறுநாளும் மட்டும் வாடை

டேங்கின் மேல்பாதியில் கசிவு. மட்டம் இறங்கியதும் வாடையும் போய்விடுவதால் பலர் மாதக்கணக்கில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

முதலில் மூடி. அதன் ரப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள். பழைய வண்டிகளில் காற்றோட்டமுள்ள மூடி, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா உள்ள அமெரிக்க வண்டிகளில் காற்றுப்புகாத மூடி. மாற்றிப் போட்டிருந்தால் முதல் வகையில் டேங்க் காற்றில்லாமல் சுருங்கப் பார்க்கும், இரண்டாவதில் ஆவி வெளியே வரும்.

அடுத்து, நிரப்பும் குழாயை டேங்கோடு இணைக்கும் தடித்த குட்டை ஹோஸ். அடியிலிருந்து கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் மேல்பக்கமோ கிளிப்பின் கீழோ இருக்கும். வளைவில் வாடை கூடுகிறது என்றால் சந்தேகம் இதன்மேலும், டேங்கின் பக்கவாட்டில் உள்ள பெட்ரோல் அளவு காட்டும் சென்டர் யூனிட்டின்மேலும் விழ வேண்டும்.

சென்டர் யூனிட்டை மாற்ற, பெட்ரோல் மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இருக்க வேண்டும். கால் டேங்க்கூட அதிகம், முழுவதும் எடுத்துவிடுவதே நிம்மதி. வாயால் உறிஞ்சாதீர்கள், கைப்பம்பு பயன்படுத்துங்கள். உலோக ஜெரிகேனில் பிடியுங்கள். பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி வேண்டாம், பித்தளை அல்லது கெட்டி மரக்கட்டை. ஒரு பொறி போதும். புது ரப்பர் சீலைப் போடும்போது இருக்கும் தளத்தைத் துருவில்லாமல் சுத்தம் செய்யுங்கள். இங்கே நடக்கும் தோல்விகளில் பெரும்பாலானவை பழைய துருவின் மேல் புது சீலை வைப்பதால்தான்.

கடைசியாக, டேங்கின் மேல்தகடு. எம்ஜிபியின் பரம்பரை வியாதி என்றால் இதுதான். டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் இடையே நுரைப்பட்டை வைத்திருக்கிறார்கள். மழைநீரும் மண்ணும் அதில் தங்கி, மேல்தகடு வெளியிலிருந்து உள்நோக்கி அரிக்கிறது. அடியில் பார்த்தால் டேங்க் புதிது போல இருக்கும், மேலே ஊசித்துளைகள். இறக்காமல் தெரியாது. முழுதாக நிரப்பினால் வாடை, முக்கால் டேங்கில் வாடை இல்லை, மூடியும் ஹோஸும் சீலும் புதிது: இந்த மூன்றும் சேர்ந்தால் டேங்கை இறக்கத் தயாராகுங்கள்.

டிக்கித் தரையில் ஸ்க்ரூ எதுவும் புதிதாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கரோ ஸ்பேர் சக்கரத்துக்கு கொக்கியோ பொருத்தப்போய்த் தரையோடு டேங்கையும் சேர்த்துத் துளைத்துவிடுவது நடக்கிற விஷயம்.

ஓட்டை விழுந்த டேங்குக்குப் புது டேங்க்தான் தீர்வு. உள்ளே ஊற்றி ஆட்டும் சீலர்களில் சில எத்தனாலில் இளகி, தோல் உரிந்து, பம்பையும் நீடிலையும் அடைக்கின்றன. வெல்டிங்கை வீட்டிலோ தெருமுனை ஷாப்பிலோ செய்ய விடாதீர்கள். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவியும் காற்றும் கலந்த வெடிமருந்து. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உயிரை வாங்கியிருக்கிறது. புது டேங்கின் மேல்தகட்டுக்கு இரண்டு கை பெயின்ட் அடித்து, தண்ணீர் உறிஞ்சாத நுரைப்பட்டை வைத்து ஏற்றுங்கள்.

அறிகுறி: டிக்கியில் வாடை, டேங்கில் எவ்வளவு இருந்தாலும்

டிக்கியில் ஜெரிகேன் இருந்தால் முதலில் அதை வெளியே வைத்து ஒருநாள் விட்டுப் பாருங்கள். சிரிப்பதற்கில்லை, மூடி இறுகாத கேன் பல நாள் தேடலை வீணாக்கும்.

அதன்பின் பம்ப். எஸ்யூ பம்பின் காற்றுக்குழாய்கள் உலர்ந்த காற்றை இழுப்பதற்காக டிக்கிக்குள் கொண்டுவரப்பட்டிருக்கும். உள்ளே டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இந்தக் குழாய் வழியாக வரும். குழாயின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். துணி நனைந்தால் பம்பை உடனே நிறுத்தி எர்த்தை எடுங்கள். பம்பின் மறுமுனையில் பாயின்ட் பொறி அடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். டயாஃப்ரம் கிட் கிடைக்கும். ஆனால் டயாஃப்ரத்தைத் திருகி அளவு வைப்பது பழக்கம் வேண்டிய வேலை. மறுசீரமைத்த பம்பை மாட்டிக்கொள்வதே பெரும்பாலானோருக்குப் பொருத்தம்.

1970-க்குப் பிந்தைய அமெரிக்க வண்டிகளில் டிக்கியில் ஆவி பிரிக்கும் சிறு டப்பாவும் அதன் ஹோஸ்களும் இருக்கும். அவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் போடும்போது பங்க்கின் பம்ப் தானாக நின்றபிறகும் விளிம்புவரை ஊற்றினால் திரவமே கரி டப்பாவுக்குப் போகும். கரி ஒருமுறை ஊறினால் அதன் வேலை முடிந்தது. டப்பாவைக் குலுக்கினால் கனமாக இருந்தாலோ கீழ்முனையில் ஈரம் தெரிந்தாலோ புதிது போடுங்கள்.

அறிகுறி: ஓடும்போது மட்டும் உள்ளே வாடை, நின்றால் இல்லை

இது பச்சைப் பெட்ரோலா, பாதி எரிந்த புகையா என்று முதலில் பிரித்தறியுங்கள். கண் எரிந்து தலை கனத்தால் புகை. அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது, அதற்கு வாடையே கிடையாது. கூரையை மூடிக்கொண்டு சோதனை செய்யாதீர்கள்.

கார் ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சரிலிருந்து வரும் புகை சுழன்று டிக்கி இடுக்கு வழியே உள்ளே வரும். டிக்கி ரப்பருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் அந்த இடம் இறுகவில்லை. சுற்றிலும் இப்படிப் பாருங்கள். இருட்டில் டிக்கிக்குள் டார்ச்சைப் போட்டு மூடினால், பின்விளக்கின் கேஸ்கெட், வயர் போகும் ரப்பர் வளையம், தரையின் ரப்பர் அடைப்பான் என்று எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் வரும். ஜிடியில் டிக்கியும் உட்புறமும் ஒன்றேதான் என்பதால் பின்கதவு ரப்பர் இன்னும் முக்கியம்.

ரப்பர் சரி, ஆனாலும் வருகிறது என்றால் எஞ்சின் ரிச்சாக ஓடுகிறது. சோக்கை உள்ளே தள்ளியபின் இரு ஜெட்டும் முழுதாக மேலே வந்துவிட்டனவா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் பாதியில் நிற்கும். பிறகு சூடான எஞ்சினில் கார்புரேட்டரின் பிஸ்டன் தூக்கும் ஊசியைச் சுமார் 1/32 அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் ரிச். சற்று ஏறி இறங்கினால் சரி. எஞ்சின் அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு).

அறிகுறி: எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை

டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் ஓட்டாதீர்கள். வேறு கார்களில் எஞ்சினோடு பொருத்திய பம்பின் டயாஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலக்கும். எம்ஜிபியில் பம்ப் பின்னால் இருப்பதால் அந்த வழி இல்லை. இருப்பது ஒரே வழி: கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்கு. மேலே சொன்ன நீடில் வால்வு, சோக் சீல், திரும்பாத ஜெட் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் முதலில் போகும். இருநூறு கிலோமீட்டருக்குள் மறுபடி வாடை வந்தால் கம்ப்ரெஷன் சோதனைக்கு மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அறிகுறி: கசிவை அடைத்தாயிற்று, வாடை மட்டும் போகவில்லை

கசிவு உண்மையிலேயே நின்றதா என்று பவுடர் சோதனையும் பம்ப் சோதனையும் மறுபடி செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பின் டிக்கித் தரைவிரிப்பு, அதன் அடியில் உள்ள சணல் மெத்தை, சீட்டுக்குப் பின்னால் உள்ள நுரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாடவிடுங்கள். மேல்விரிப்பைச் சோப்புத்தண்ணீரில் அலசலாம். பெட்ரோல் குடித்த சணலும் நுரையும் தேறாது, புதிதாக வெட்டிப் போடுங்கள். வாசனைத் திரவியம் எதுவும் தெளிக்க வேண்டாம், அடுத்த கசிவு தொடங்கினால் அதையும் அது மறைத்துவிடும். வெறும் தகட்டோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதன்பின் விரிப்பைப் போடுங்கள்.